லாமலேராவில் நான்கு இரவுகள்: ஒரு ஹோம்ஸ்டே அனுபவம்

இந்தோனேசியாவின் லெம்பாட்டா தீவில், திமிங்கிலம் பிடிக்கிற ஊர் லாமலேரா. தீவின் முக்கிய நகரமான லெவோலேபாவிலிருந்து லாரியில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தேன். ஓட்டல் கிடையாது, வீடுகளில்தான் தங்க வேண்டும். அறை சுத்தம், குளியலுக்கு வாளித் தண்ணீர். முற்றத்துக் கொடியில் காயும் திமிங்கிலக் கறியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த வாடை இரண்டாம் நாளும் போகவில்லை. தாங்காது என்பவர்கள் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் பத்து வருடமாக அசைவம் தொடாதவள். திமிங்கில வேட்டைக்கு எதிரான மனுக்களில் கையெழுத்துப் போட்டவள். வீட்டுக்காரம்மாவிடம் (அங்கே அம்மாவை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்) தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஒரு வார்த்தை கேட்காமல் மக்காச்சோளச் சோறும் முருங்கைக்கீரைச் சாறும் வைத்தார். முருங்கையை அங்கே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. நான்கு நாளும் அதையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை அவரோடு வுலாண்டோனி சந்தைக்குப் போனேன். விசில் ஊதிய பிறகுதான் பண்டமாற்று தொடங்குகிறது. கருவாடும் திமிங்கிலக் கறியும் கொடுத்து, மலையூர்ப் பெண்களிடம் மக்காச்சோளமும் வாழைப்பழமும் வாங்கினார். பாறை மண், விவசாயம் எடுபடாத ஊர். அந்தக் கறிதான் இவர்களுக்கு வயல். ஈட்டியோடு கடலில் பாயும் லாமாஃபாவுக்கு மட்டுமல்ல, படகு செய்த தச்சனுக்கும் கொல்லனுக்கும்கூடப் பங்கு உண்டு.

1970களில் ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் நார்வேயிலிருந்து ஒரு திமிங்கில வேட்டைக்காரரை அனுப்பி, இன்னும் அதிகமாகப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கப் பார்த்தது. இப்போது வெளியிலிருந்து வருகிறவர்கள் வேட்டையை விட்டுவிட்டு, திமிங்கிலம் காட்டிப் பிழைக்கச் சொல்கிறார்கள். இரண்டு முறையும் இந்த ஊரைக் கேட்டு யாரும் தொடங்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஒரு திமிங்கிலம் சாவதை என்னால் இன்றும் பார்க்க முடியாது. ஆனால் இவர்கள் சாப்பாட்டைப் பற்றிய மனுவில் இனி என் கையெழுத்து இருக்காது.

மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஓர் இரவுக்கு இரண்டரை லட்சம் ரூபியா கொடுத்தேன், தாராளமாகக் கொடுக்கலாம். மே முதல் அக்டோபர் வரை வேட்டைப் பருவம். அப்புறம் ஒன்று: ‘இன்றைக்குத் திமிங்கிலம் கிடைக்குமா’ என்று கேட்காதீர்கள். என்னோடு தங்கியிருந்த ஒருவர் கேமராவும் கையுமாக அதைக் கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை. அவருடைய மகன் அன்று கடலில் இருந்தான்.