கிளிப் மூடி பாட்டிலும் கழுத்தில் கட்டிய சீட்டும்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் இஞ்சி சோடா, கொம்புச்சா (இனிப்புத் தேநீரைப் புளிக்க வைத்த பானம்) போடுகிறவர்கள் கிளிப் மூடி, அதாவது கம்பியை மடக்கி இறுக்கும் மூடி வைத்த கண்ணாடி பாட்டிலைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் உருண்டையான பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். அப்புறம், இதே வேலையைச் செய்கிற இன்னும் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் பாட்டிலால் பாதிப் பயன்தான்.

என்னிடம் இருப்பவை அரை லிட்டர் பாட்டில்கள், ஏறக்குறைய ஒரு டஜன். இரண்டு மாம்பழ சீசனைப் பார்த்தவை. பாதி தருமபுரியில் என் வீட்டில் இருக்கும். மீதி காவேரிப்பட்டணம், பாலக்கோடு, ஓசூர் என்று சுற்றிக்கொண்டிருக்கும். நாங்கள் நாலைந்து பேர். ஒருவர் போட்டதை மற்றவர் குடித்துப் பார்த்து, எப்படி இருந்தது என்று துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். அதனால் பாட்டில் திரும்பி வரும்போது அவர்கள் போட்டது உள்ளே இருக்கும், சீட்டு கழுத்துக் கம்பியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கும்.

வெளிநாடுகளில் இந்தப் பழக்கம் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களிடம் இருக்கிறது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு அது வெளிப்படையாகவே நடக்கிறது. இங்கே அந்தப் பேச்சே கிடையாது. 1937-இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டு வந்தது சேலம் மாவட்டத்தில். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்றைக்கு அதற்குள்தான் இருந்தன. உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரித்தால் இன்றைக்கும் குற்றம்தான். நாங்கள் போடுவது புளிக்க வைத்த குளிர்பானம். சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கேஸாகவும் மாற்றும் நுண்ணுயிரான ஈஸ்டைத் தனியாக வாங்கிப் போடுவதில்லை, பல நாள் வெளியே மூடி வைப்பதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஆல்கஹால் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அது மதுபானம். கொம்புச்சா திறந்த ஜாடியில் இருக்கும்வரை, காற்றைச் சுவாசிக்கும் பாக்டீரியா உண்டாகிற ஆல்கஹாலைப் புளிப்பாக மாற்றிக்கொண்டே இருக்கும். பாட்டிலில் அடைத்துக் காற்று நின்றதும் அந்த வேலை நின்றுபோகிறது, உறையிலேயே இருக்கும் ஈஸ்ட் மட்டும் தன் வேலையைத் தொடர்கிறது. எனவே அடைத்த பிறகு வெளியே ஒன்றிரண்டு நாள், உடனே ஃபிரிட்ஜ். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நாங்கள் இதைக் கொடுப்பதில்லை.

இனி பாட்டிலுக்கு வருகிறேன்.

கண்ணாடியில் குறை ஒன்றுமில்லை. அலமாரி அழகுக்கு விற்கிற சதுர பாட்டிலும் என்னிடம் இரண்டு உண்டு. அதில் கேஸ் ஏறுகிற எதையும் ஊற்றுவதில்லை. உருண்டையான சுவரில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். சதுரத்தில் அது மூலைகளில் போய்க் குவியும். அவை எண்ணெய்க்கும் தேனுக்கும் ஆகும்.

கம்பிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். முதலில் வாங்கியவை மலிவு ரகம். புளிப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு, கம்பி கண்ணாடியைத் தொடும் இரு காதிலும் துரு பிடித்துவிட்டது. அடுத்து வாங்கிய எவர்சில்வர் கம்பி ரகம் இன்றுவரை வாங்கின மாதிரியே இருக்கிறது. விலை வித்தியாசம் ஒரு பிளேட் பிரியாணி அளவுகூட இல்லை. மூடி பீங்கானா பிளாஸ்டிக்கா என்பதில் ருசியிலோ கேஸிலோ எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

தேய்வதெல்லாம் ரப்பர் வளையம்தான். புதிதில் மெத்தென்று இருக்கும், ஒரு கோடை போனால் இறுகிவிடும். விரலால் மடக்கிப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் அதன் ஆயுள் முடிந்தது. இஞ்சி, பூண்டு வாசத்தையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூண்டு ஊறிய வினிகர் பாட்டிலின் வளையத்தை மாற்றாமல் அதிலேயே நன்னாரி சோடா அனுப்பினார் ஒருவர். அதற்கு வந்த சீட்டில் 'ரசம் நன்றாக இருந்தது' என்று ஒரே வரி. சிலிக்கான் வளையத்துக்கு மாறிய பிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

கழுவுவதில் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. போர் தண்ணீர் கடின நீர். அதில் கழுவிக் காயவைத்தால் பாட்டிலுக்குள் சாம்பல் பூத்தது மாதிரி உப்புப் படியும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013-இல் வந்தது. அந்தக் குழாய்த் தண்ணீர் பானம் போடுவதற்குத் தேவலை, ஆனால் குளோரின் இருக்கும். கொதிக்க வைத்து ஆறவிட்டோ இரவு முழுக்கத் திறந்து வைத்தோதான் பயன்படுத்துகிறோம். உப்புப் படிவைப் போக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. குடிக்க முடியாத அளவுக்குப் புளித்துப்போன கொம்புச்சாவை ஊற்றி ஒரு ராத்திரி வைத்தால் போதும், கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும்.

வெடிக்காதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இதற்குக் கணக்குத் தெரிந்தால் பயம் போய்விடும், அல்லது சரியான இடத்தில் பயம் வரும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் சுமார் 2 கிராம் கரியமில வாயு உண்டாகும். கடை சோடாவில் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம்வரை வாயு இருக்கும். எங்கள் பக்கத்து பெங்களூரா மாம்பழக் கூழை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நூற்றுக்குப் பதினான்கு பங்காவது சர்க்கரைதான். மூன்று மேசைக்கரண்டி, அதாவது ஐம்பது கிராம் கூழ் அரை லிட்டர் பாட்டிலுக்குள் போனால் 7 கிராம் சர்க்கரை. அது மட்டும் நொதித்தாலே கடை சோடா அளவுக்குக் கேஸ் ஏறிவிடும். ஆனால் கொம்புச்சாவில் ஏற்கெனவே லிட்டருக்கு 40, 50 கிராம் சர்க்கரை மிச்சம் இருக்குமே? அதுவும் நொதிக்க ஆரம்பித்தால் எந்தக் கண்ணாடியும் தாங்காது. ஃபிரிட்ஜில் வைப்பது ருசிக்காக மட்டும் இல்லை என்பது இதனால்தான்.

எப்போது போதும் என்று கண்ணாடி பாட்டில் சொல்லாது. அதற்குத்தான் ஒவ்வொரு முறையும் ஒரு பழைய பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் கொஞ்சம் ஊற்றி வைப்பது. அமுக்கிப் பார்த்து அது கல்லாகிவிட்டால் எல்லாவற்றையும் குளிரில் வைக்க வேண்டும். கேஸ் விஷயத்தில் அந்தப் பிளாஸ்டிக் பாட்டில் கிளிப் பாட்டிலைவிட நம்பகமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனக்குப் பிடிக்காதது அதன் வாசம்.

பயணம் இன்னொரு சோதனை. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்தான், ஆனால் சித்திரை மாதத்து மதியத்தில் அந்த ஒரு மணி நேரமே பெரிது. சூடு ஏற ஏற வாயு பானத்தில் கரைந்திருக்காமல் மேலே வந்து மூடியைத் தள்ளும். முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்து, ஈரச் சாக்கில் சுற்றி, முதல் பேருந்தில் ஏற்றுவதுதான் சரி. பையில் நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் திறக்கக்கூடாது, சில மணி நேரம் குளிரில் அடங்கட்டும்.

இனி சீட்டு. இத்தனை நாளில் என் இஞ்சி சோடாவை மாற்றியது பாட்டில் இல்லை, பாட்டிலோடு வந்த சீட்டுகள்தான்.

ஆரம்பத்தில் வந்த சீட்டுகளில் 'சூப்பர்', 'அருமை', 'வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது' என்றுதான் இருந்தது. மனதுக்கு நன்றாக இருந்தது, அடுத்த தடவை எதை மாற்றுவது என்று மட்டும் தெரியவில்லை. நாம் இன்னொருவர் சமையலைக் குறை சொல்லிப் பழகியவர்கள் இல்லை. சொன்னாலும் வாசலைத் தாண்டிய பிறகுதான் சொல்வோம். இதை உடைத்தவர் காவேரிப்பட்டணம் அக்கா. மாம்பழக் கூழ் ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்தவர், பிரிக்ஸ் மீட்டர் (சர்க்கரையை அளக்கும் கருவி) இல்லாமல் சர்க்கரையைப் பற்றிப் பேசமாட்டார். அவர் அனுப்பிய ஒரு சீட்டு இன்னும் என் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது:

'மூடி திறந்ததும் அழுகின முட்டை வாடை. டம்ளரில் அஞ்சு நிமிஷம் விட்டதும் போயிடுச்சு. உறைக்குச் சாப்பாடு பத்தலை தம்பி, ரெண்டு உலர் திராட்சை போட்டுப் பாருங்க. காரம் முதல் வாயில் இல்லை, மூணாவது வாயில் தொண்டையில் கமறுது. பழைய இஞ்சியா?'

பழைய இஞ்சிதான். நார் ஏறியது. முட்டை வாடைக்கும் அவர் சொன்னதுதான் காரணம்: ஈஸ்டுக்குச் சர்க்கரை மட்டும் போட்டு மற்ற சத்துக் குறைந்தால் கந்தக வாடையை விடும். ஒரு சின்னச் சீட்டில் என்ன வந்தது, எப்போது வந்தது, எப்போது போனது, எதை மாற்றலாம் எல்லாம் இருக்கிறது. 'நன்றாக இல்லை' என்ற வார்த்தையே இல்லை.

அதன் பிறகு சீட்டுக்கு ஒரு வடிவம் வந்தது. அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய பிஜேசிபி என்ற பீர் நடுவர் அமைப்பின் மதிப்பெண் தாளிலிருந்து எடுத்துக்கொண்டோம். மொத்தம் 50, அதில் ருசிக்கு 20, வாசத்துக்கு 12, பார்வைக்கு வெறும் 3. கலங்கலாக இருக்கிறது என்று முகம் சுளிப்பவர்களுக்கு இந்த மூன்றைக் காட்டினாலே போதும். மதிப்பெண்ணை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பக்கத்தில் எழுதும் வரிகள்தான் முக்கியம். பாலக்கோடு வாத்தியார் பணி ஓய்வு பெற்றும் இன்னும் சிவப்பு மையில்தான் எழுதுகிறார். ஓசூர் அண்ணன் எவ்வளவு சொன்னாலும் 'நல்லா இருக்கு' என்பதைத் தாண்டமாட்டார். அவர் சீட்டைவிட அவர் பாட்டிலில் எவ்வளவு மிச்சம் வைத்தார் என்று கேட்பதே பயனுள்ள தகவல்.

அந்த ஓசூர் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே செய்முறை, ஒரே அளவு. ஆனால் அவருடையது எப்போதும் இனிப்பு, என்னுடையது எப்போதும் புளிப்பு. கையில் கோளாறு இல்லை, ஓசூர் குளிர்ச்சியான மேட்டு நிலம். அங்கே கொம்புச்சா பதத்துக்கு வர ஆகும் நாளை இங்கே கோடையில் கொடுத்தால் வினிகர்தான் கிடைக்கும். செய்முறையில் 'ஏழு நாள்' என்று எழுதியிருந்தால் எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று கேளுங்கள்.

எல்லோரும் நேரில் கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் சில முறைகளைக் கடைப்பிடிக்கிறோம். பாட்டிலில் பெயர் இருக்காது, எண் மட்டும். புளிப்புக் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போவோம். நடுவில் உப்பில்லாத பொரி ஒரு வாய், தண்ணீர் ஒரு மடக்கு. எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. 'லேசா வாழைப்பழ வாசம் வருதே' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அப்புறம் எல்லோருக்கும் வாழைப்பழம்தான் வரும்.

சண்டை முற்றினால் மூன்று டம்ளர் சோதனை. 1940-களில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையிலேயே செய்து பார்த்த முறை. இரண்டு டம்ளரில் ஒன்றே, மூன்றாவதில் வேறு; வேறானது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால் ஒரே தடவையில் தீர்ப்புச் சொல்வதில்லை. கேன் தண்ணீரில் போட்டால்தான் ருசி என்று வாத்தியார் பிடிவாதமாக இருந்தார். ஆறவைத்த ஒகேனக்கல் தண்ணீரோடு வைத்துப் பார்த்தோம். அவர் உட்பட யாராலும் நம்பும்படி பிரித்துச் சொல்ல முடியவில்லை. கேன் செலவு மிச்சம்.

கோலி சோடா பாட்டிலில் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது அது. உள்ளே இருக்கும் கேஸே கோலியைத் தள்ளி வாயை அடைக்கும். ஆனால் நிரப்புவதற்குப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடிக்கும் இயந்திரம் வேண்டும். மெல்ல மெல்லக் கேஸ் ஏறுகிற வீட்டுப் பானத்துக்கு அது சரிப்படாது.

அடுத்த சீசனுக்கு அக்காவும் வாத்தியாரும் ஏற்கெனவே மோதிக்கொண்டிருக்கிறார்கள். நொதித்த பிறகு பெங்களூராவும் செந்தூராவும் ஒன்றுதான் என்கிறார் வாத்தியார். செந்தூராவின் வாசம் நிற்கும் என்கிறார் அக்கா. மூன்று டம்ளர் வைக்க வேண்டுமென்றால் பாட்டில், வளையம், நிரப்பும் அளவு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். எனவே அதே எவர்சில்வர் கம்பி ரகத்தில் இன்னும் ஆறு சொல்லியிருக்கிறேன், கூடவே ஒரு பாக்கெட் சிலிக்கான் வளையமும்.