கிராஃபீன் போனோடு இரண்டு வருஷம்

2024 தொடக்கத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு பிக்சல் 7ஏ வாங்கி, அதில் கிராஃபீன்ஓஎஸ் ஏற்றினேன். ஆண்ட்ராய்டிலிருந்தே உருவான, கூகுள் சேவைகளைத் தன்னோடு கொண்டுவராத இயங்குதளம் அது. அன்றிலிருந்து பாளையங்கோட்டையில் என் வேலை, வீடு, வண்டிப் பயணம் எல்லாம் இந்த ஒரே போனில்தான்.

கூகுளை விட்டு விலக கூகுள் போனையே வாங்குவதா என்று கேட்காத ஆள் இல்லை. காரணம் இருக்கிறது. வேறு இயங்குதளம் ஏற்றிய பிறகும் பிக்சலில் பூட்லோடரை, அதாவது போனை ஆன் செய்ததும் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரலை, திரும்பப் பூட்டிக்கொள்ளலாம். பூட்டிவிட்டால், போனை ஆன் செய்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே யாரும் கைவைக்கவில்லை என்று அதுவே சரிபார்த்துக்கொள்ளும். 7ஏ-க்கு 2028 மே வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்பதையும் பார்த்துத்தான் வாங்கினேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: காசு கொடுக்கும் முன் போனை வைஃபையில் இணைத்து, செட்டிங்ஸின் டெவலப்பர் ஆப்ஷனில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' (பூட்லோடரைத் திறக்க அனுமதிப்பது) பொத்தான் நகர்கிறதா என்று பாருங்கள். மங்கிப்போய் நகராமல் கிடந்தால் வேண்டாம். ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. நல்ல கேபிளும் கணினியில் ஒரு பிரவுசரும் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு செயலிக்கும் இணையம் வேண்டுமா, வேண்டாமா என்று நாம் தீர்மானிக்கலாம். டார்ச்சுக்கும் கால்குலேட்டருக்கும் எதற்கு இணையம்? நாள் முழுக்கத் தமிழில் தட்டுகிறவன் நான். எஃப்-ட்ராய்டு என்ற திறந்தமூலச் செயலிக் கிடங்கிலிருந்து எடுத்த ஹெலிபோர்டு விசைப்பலகை இணைய அனுமதியே கேட்பதில்லை. நான் தட்டுவது என்னோடு இருக்கிறது என்ற நிம்மதி, அனுபவித்தால்தான் தெரியும்.

வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ். முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் வேண்டாம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போனபோது, காட்டுக்குள் மற்றவர்கள் போன் எல்லாம் கைவிரித்த இடத்தில் என் போனில் பாதை தெரிந்தது. ஆனால் சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊரைத் தேடினால் ஒரு கோடுதான் இருந்தது, தெருவே இல்லை. இந்தச் செயலி ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைத்தான் காட்டுகிறது, அதை யாரும் திருத்தலாம். நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தெருக்களையும் அம்மன் கோயிலையும் கன்னடியன் கால்வாய்க்கு இறங்கும் படித்துறையையும் நானே குறித்தேன். இப்போது ஊருக்கு வருகிறவர்கள் வழி கேட்பதில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கேதான் கஷ்டம். கூகுள் ப்ளேயை நான் முழுக்கத் துரத்தவில்லை. போனுக்குள்ளேயே பிரித்து வைத்த தனி புரொஃபைல் ஒன்றில், தனி அதிகாரம் எதுவும் இல்லாத சாதாரணச் செயலியாக இருக்கிறது. பெரும்பாலான செயலிகளுக்கு அது போதும். ஆனால் சில வங்கிச் செயலிகள், கூகுள் சான்று கொடுத்த இயங்குதளமா என்று பார்த்துவிட்டுத்தான் திறக்கும். என் வங்கியின் செயலி ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் இரவு மருந்துக்கடையில் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கிவிட்டு க்யூஆர் அட்டைக்கு நேரே போனை நீட்டுகிறேன், 'இந்தச் சாதனம் பாதுகாப்பானதல்ல' என்று சொல்லி மூடிக்கொண்டது. அந்தச் செயலிக்கு முந்தின நாள் வந்த அப்டேட்தான் காரணம். பையில் நாற்பது ரூபாய்தான் இருந்தது. கடைக்கார அண்ணாச்சி, "பொறவு குடுங்க தம்பி" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். மாத்திரைப் பையோடு திரும்பி வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பூட்டிய பூட்லோடர், அந்த மாதம் வந்த பாதுகாப்பு அப்டேட் எல்லாம் என் போனில் இருந்தன. அப்டேட் நின்று பல வருஷமான பழைய போன்களில் அதே செயலி ஓடுகிறது.

இப்போது வங்கிக்கென்று பழைய போன் ஒன்று வீட்டு அலமாரியில் இருக்கிறது. வெளியே போனால் ரொக்கம். அப்புறம், இன்னொரு வங்கியில் கணக்குத் தொடங்கினேன், அவர்கள் செயலி மறுபேச்சில்லாமல் திறக்கிறது. நீங்கள் மாறுவதாக இருந்தால் முதலில் உங்கள் வங்கிச் செயலி இதில் ஓடுகிறதா என்று விசாரியுங்கள், மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

கூகுளின் சான்று இல்லாமலே, போனின் வன்பொருளைக் கொண்டு இயங்குதளத்தைச் சரிபார்க்க ஆண்ட்ராய்டிலேயே வழி இருக்கிறது. செயலி எழுதுகிறவர்களுக்கு அதற்கான விளக்கத்தைக் கிராஃபீன் குழு வெளியிட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு என் பழைய வங்கிக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை. இந்த வாரம் நான்காவது கடிதத்தைக் கிளைக்கு நேரே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.