‘தற்காலிகமாக மூடல்’ என்று தாளை ஒட்டிவிட்டு 1,700 வெள்ளியை விழுங்கிவிட்டார்கள்: பெற்றோரே, ஜாக்கிரதை

ஒரு குழந்தைப் பராமரிப்பு மையத்தில் கட்டிய 1,700 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது. படித்துவிட்டுப் பாவம் என்று சொல்லிப் போய்விடாதீர்கள். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற எல்லாருக்கும் இதை அனுப்பி வையுங்கள்.

புகார் கொடுத்திருப்பதால் இடத்தின் பெயரைப் போடவில்லை. டவுனை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதி), ஓரத்து வீட்டின் கீழ்த்தளத்தில் நடந்த குழந்தைப் பராமரிப்பு மையம். முறையாகப் பதிந்த ‘தாஸ்கா’, மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் மாமியார் எல்ஃபில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் முன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்களாம். இன்றைக்குத் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்துவிட்டோம். நான் ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். மாமியாருக்கு மூட்டு வலி, ஓடுகிற பிள்ளையைப் பிடிக்க முடியாது. நம்பிக்கையான ஓர் இடம் எங்களுக்குக் கண்டிப்பாகத் தேவை.

அதனால் விசாரித்துத்தான் சேர்த்தேன். சமூக நல இலாகாவின் பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் வாசலிலேயே தொங்கியது. தேதியைப் பார்த்தேன், காலாவதி ஆகவில்லை. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் என்று மையத்தை நடத்திய அம்மாவே விரல் வைத்துக் காட்டினார். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை ஐந்து பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன், அதுவும் சரியாகவே இருந்தது. வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராகப் பால் குடித்த நேரம், தூங்கிய நேரம், வயிறு போன நேரம் எல்லாம் நீல மையில் எழுதியிருந்தது. என் மகன் மூக்கை ஒழுக்கிக்கொண்டு நின்றான். அந்த அம்மா அவனைத் தூக்கித் தன் துப்பட்டாவிலேயே மூக்கைத் துடைத்துவிட்டு, “நம்ம பிள்ளைங்கம்மா, நீங்க நிம்மதியா வேலைக்குப் போங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் என் மனம் இளகியது. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்புறம் பணப் பேச்சு. மாதம் 400. “அடுத்த மாதத்திலிருந்து கட்டணம் ஏறுதும்மா, மூணு மாசம் சேர்த்துக் கட்டினா பழைய விலையே போட்டுத் தர்றேன்” என்றார். மூன்று மாதம் 1,200, டெபாசிட் 400, பதிவுக் கட்டணம் 100. மொத்தம் 1,700. இந்த நாட்டில் 2025இலிருந்து குறைந்தபட்சச் சம்பளமே 1,700தான். இ.பி.எஃப். (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) பிடித்தால் அதுகூட முழுசாகக் கைக்கு வராது. அதாவது ஒரு மாதம் நான் நின்று உழைத்த கூலி அவ்வளவும் அந்த மேசையில் போய்விட்டது.

முதல் மாதம் முடியவில்லை, கிரில் கதவில் ஒரு தாள். ‘துத்தோப் செமெந்தாரா’, அதாவது தற்காலிகமாக மூடல். ஒரு பிள்ளைக்குக் கை, கால், வாய்ப்புண் நோயாம், சுகாதார இலாகா மூடச் சொன்னதாம். சரி, பிள்ளைகள் நலம்தானே முக்கியம் என்று நானும் பொறுத்தேன். அந்த நோய் விளையாட்டில்லை. 1997இல் சரவாக்கில் எத்தனை வீட்டுப் பிள்ளைகளின் உயிரைக் கொண்டுபோனது! தொற்று பரவினால் தொற்றுநோய்த் தடுப்புக்கான 342ஆம் சட்டத்தின் கீழ் அதிகாரிகள் இடத்தை மூட உத்தரவிடலாம், அது நியாயம். ஆனால் அப்படி உத்தரவு வந்தால் கையில் கடிதம் இருக்கும். அதைக் காட்டுங்கள் என்று கேட்டேன். “ஃபைல்ல இருக்கும்மா, தேடி அனுப்புறேன்” என்றார். கடைசி வரை வரவில்லை. வீட்டுக்காரர் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கே போய்க் கேட்டுவிட்டார். அந்த முகவரிக்கு மூடச் சொல்லி எந்த உத்தரவும் போகவில்லையாம்!

பிள்ளைகளின் நோயைச் சொல்லிப் பெற்றோர் வாயை அடைக்கிற மனசு எப்படித்தான் வருகிறது?

அதிலிருந்து அலைக்கழிப்புதான். முதலில் “அடுத்த வாரம் திறந்துடுவோம்மா”. பிறகு “கணக்குப் பார்க்கிற பெண் லீவு”. பிறகு “பார்ட்னரைக் கேட்கணும்”. வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர் யாரும் எழுத முடியாதபடி பூட்டினார்கள். டெபாசிட்டையாவது கொடுங்கள் என்று தனியாக எழுதினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. கடைசியாக வந்த பதில், “சுகாதாரக் காரணத்துக்கு மூடினா பணம் திருப்பித் தர மாட்டோம், ஃபாரத்தில் இருக்கு.” என்னிடம் உள்ள ஃபாரத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டேன். அப்படி ஒரு வரி அதில் எங்குமே கிடையாது. அதைப் படம் பிடித்து அனுப்பியதும் என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

நேற்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார், இரவில் ஒரு லோரி வந்து மெத்தைகளையும் தொட்டிலையும் ஏற்றிக்கொண்டு போனதாம். என் மகனின் போர்வை, பால் போத்தல், மாற்றுடுப்பு எல்லாம் உள்ளேதான் இருந்தன. இதற்குப் பெயர் தற்காலிகமா? இதற்கிடையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்து எடுத்துச் சூப்பர்வைசர் முகம் சுளிக்கிறார். அந்த நஷ்டத்தை 1,700இல் நான் சேர்க்கவே இல்லை.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், பிள்ளை அழுகிறான், சுருக்கமாகச் சொல்கிறேன். மாதா மாதம் மட்டும் கட்டுங்கள், விலை குறைப்பு என்றால் நம்பாதீர்கள். இடம் மூடினால் பணம் என்ன ஆகும் என்பதை எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். சான்றிதழ் பிள்ளையின் பாதுகாப்புக்கு, நம் காசுக்கு அது பொறுப்பேற்காது. நோய் என்று மூடினால் உத்தரவுக் கடிதத்தைக் கேளுங்கள். ரசீது, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

நான் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டுவிட்டேன். கட்டணம் ஐந்து வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். சமூக நல இலாகாவுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. அதே இடத்தில் பணம் கட்டியவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். ஆளுக்கு ஒரு மனு போட்டால் அவர்கள் கதை எடுபடாது. ரசீது தொலைந்திருந்தால் வங்கியில் கணக்கறிக்கை எடுத்து வையுங்கள், அது போதும்.