மொரிஸ் மைனருக்கு எஞ்சின் இறக்காமலே கேம்ஷாஃப்ட் மாத்தித் தந்த கோண்டாவில் கராஜ்

பழைய கார் வச்சிருக்கிற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன். அப்பாட மொரிஸ் மைனர், 1098 சிசி. 90கள்ல யாழ்ப்பாணத்துக்கு பெட்ரோல் தடை இருந்த காலத்தில கொஞ்சம் பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி பேந்து மண்ணெண்ணெயில ஓடின அதே கார், இப்பவும் ஓடுது. போன வருசம் நாலு பேர் ஏறினா இழுவை இல்லை, காபரேட்டருக்குள்ளால படக் படக் எண்டு திருப்பி அடிக்கத் தொடங்கிட்டுது.

முதல் காட்டின கராஜில, பேர் வேண்டாம், பொனட்டைத் திறந்து ரெண்டு நிமிசம் சத்தம் கேட்டுட்டு எஞ்சின் இறக்கவேணும், இறக்கினா முழு ஓவர்ஹோல்தான், 2 லட்சத்துக்கு மேல வரும் எண்டவை. ஒண்டும் அளந்து பாக்கேல்லை. எனக்கு மனம் ஒப்பேல்லை.

பேந்து மாமா சொல்லித்தான் கோண்டாவிலுக்கு கொண்டுபோனன். பலாலி வீதியால திரும்பி ஒழுங்கைக்குள்ள, போர்ட் ஒண்டும் இல்லை, மாமரத்துக்குக் கீழ ரெண்டு பழைய ஒஸ்ரின் கார் நிக்கும், அதுதான் அடையாளம். அந்த ஐயா ரொக்கர் கவரைக் கழட்டி, டயல் கேஜ் வச்சு, எஞ்சினைக் கையால சுத்திச் சுத்தி 8 வால்வும் எவ்வளவு எழும்புது எண்டு அளந்தார். நாலாவது மட்டும் மற்றதுகளின்ர அரைவாசிதான் எழும்பினது, அதைத் தூக்கிற கேம்ஷாஃப்ட் அந்த இடத்தில தேஞ்சுட்டுது. "ரெண்டாவது சிலிண்டர்ட எக்ஸோஸ்ட் தம்பி, புகை வெளியால போகேலாம நிக்குது, அதுதான் காபரேட்டருக்குள்ளால அடிக்குது" எண்டு விளங்கப்படுத்தினார். எஞ்சின் இறக்கவேணுமோ ஐயா எண்டு கேட்டன். "மைனருக்கு டப்பட்டை பக்கத்துக் கவருக்குள்ளால எடுக்கலாம், பிறகேன் இறக்குவான்?" எண்டார். டப்பட் எண்டது கேமில நிண்டு வால்வுக்குத் தள்ளுற சின்னத் துண்டு.

லண்டன்ல இருந்து வந்த சித்தப்பா கேமும் புது டப்பட் 8உம் கேஸ்கட் செட்டும் கொண்டுவந்தார். பழைய டப்பட்டோட புதுக் கேம் பூட்டினா கெதியா தின்னும் எண்டு ஐயா முதலே சொல்லிப்போட்டார்.

வேலை மூண்டு நாள். ரேடியேட்டரும் முன் கிறிலும் கழண்டுது, எஞ்சின் மவுண்டிங்கை இளக்கி எஞ்சினின்ர முன்பக்கத்தை ஜக்கில கொஞ்சம் தூக்கி, மானிஃபோல்டும் காபரேட்டரும் எடுத்தாத்தான் டப்பட் கவர் கைக்கு வரும். டப்பட்டுக்கு மேல நிக்கிற கம்பிகளை, புஷ் ராடுகளை, ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில 8 ஓட்டை போட்டு நம்பர் எழுதி வரிசையா குத்தி வச்சார், அது எனக்கு சரியா பிடிச்சுது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுத்துற தண்டை 5/16 இஞ்ச் போல்ட் ஒண்டைப் பூட்டி முறுக்கி இழுத்தார். கடைசியா டைமிங் செயினும் வீலும் கழட்டி, கேமைப் பிடிச்சிருக்கிற பிளேட்டின்ர மூண்டு ஸ்குரூவை எடுக்க, கேம் மெல்ல மெல்ல முன்னுக்கு வந்துது. பழசை என்ர கையில தந்தார். முட்டை மாதிரி கூரா இருக்கவேண்டிய இடம் உருண்டையா தேஞ்சு கிடந்துது, அதில நிண்ட டப்பட்டின்ர அடி கிண்ணி மாதிரி குழிஞ்சு போச்சு.

புதுசை கிறீஸ் மாதிரி ஒரு பசை பூசி, பேரிங்கில கீறாம சுத்திச் சுத்தி உள்ளுக்கு விட்டார், முடிவில ஒயில் பம்ப் கவ்வ கொஞ்சம் மினக்கெட்டுது. டைமிங் வீலுகளின்ர ரெண்டு புள்ளியும் நேருக்கு நேர் பாக்குதா எண்டு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். வால்வ் இடைவெளி 12 தௌ, அதாவது ஒரு இஞ்சில ஆயிரத்தில 12 பங்கு. நாலாவது முழுசா திறந்து நிக்கேக்க அஞ்சாவதை அளக்கிறது, ஒண்டு திறக்க எட்டு, எப்பவும் கூட்டினா ஒன்பது வரவேணும். பிளக் நாலையும் கழட்டி ஒயில் லைட் அணையும் மட்டும் சுத்திப்போட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணினவர், ஸ்டார்ட் ஆனதும் ஐடில விடாம 2000 ஆர்பிஎம்மில 20 நிமிசம் பிடிச்சார். புதுக் கேம் அந்த 20 நிமிசத்திலதான் தப்புறதோ சாகுறதோ எண்டார்.

லேபர் 38,000. எனக்கு அது நியாயம்தான்.

குறை எண்டா, ஒரு கிழமையில டைமிங் கவர் சீலால ஒயில் கசிஞ்சுது. கொண்டுபோனன், தன்ர பிழைதான் எண்டு சொல்லி காசு வாங்காமல் மாத்தித் தந்தார். பில்லும் தரமாட்டார், கேட்டா கொப்பித்தாளில எழுதுவார். போன் எடுக்கிறதும் குறைவு, விடிய எட்டு மணிக்கு முதல் நேர போனாத்தான் ஆளைப் பிடிக்கலாம். ஒரு நேரத்தில ஒரு கார்தான் எடுப்பார், நான் ரெண்டு கிழமை காத்திருந்தனான்.

இப்ப 1,500 கிலோமீட்டர் ஓடிட்டுது, திருப்பி அடிக்கிறது இல்லை. போன ஞாயிறு அப்பாவை முன்னுக்கு இருத்தி கீரிமலை போட்டு வந்தன்.