கிளிநொச்சியில் ஒரு பழைய மடிகணினியில் கிரெஸ்ட்

மிளகாய்த் தோட்டங்களின் நடுவே வளர்ந்த உயர்தர மாணவர்களுக்கு மூலக்கூறுகளின் வடிவத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குவதற்கு, அதன் உறைப்புக்குக் காரணமான கப்சைசினை விடப் பொருத்தமான ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. அதில் 49 அணுக்களும் சுழலக்கூடிய 9 ஒற்றைப் பிணைப்புகளும் உள்ளன. ஒவ்வொரு பிணைப்புக்கும் 3 நிலைகள் என்று பருமட்டாக வைத்தாலும் 19,683 வடிவங்கள் வரும்; அவற்றுள் சக்தி மிகக் குறைந்தது எது என்பதே கேள்வி. இதற்காகச் சில மாதங்களாக நான் பயன்படுத்தி வருவது ஜேர்மனியின் பொன் நகரப் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபான் கிரிம்மேயின் குழு உருவாக்கிய கிரெஸ்ட் என்ற மென்பொருள். இது இலவசமானது, லினக்ஸில் இயங்குகிறது, ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை என்பது எங்கள் பக்கத்தில் சிறிய வசதியல்ல.

இதற்கு முன்பு பைதன் மொழிக்கான சைபை நூலகத்திலுள்ள பேசின் ஹொப்பிங் என்ற தேடல் முறையை முயன்று பார்த்தேன். டேவிட் வேல்ஸும் ஜொனதன் டோயும் 1997 இல் முன்வைத்த அந்த முறை, அணுக்களைக் குலுக்கி, அருகிலுள்ள பள்ளத்துக்கு, அதாவது சக்தி குறைந்த வடிவத்துக்கு, இறக்கி, புதிய இடத்தை ஏற்பதா விடுவதா என்று தீர்மானித்து, மீண்டும் குலுக்குகிறது. பிணைப்புகளின்றி எளிய ஈர்ப்பாலும் விலக்காலும் மட்டும் கூடிநிற்கும் லெனாட்-ஜோன்ஸ் அணுத்திரள்களில் இது அழகாக வேலை செய்யும். ஆனால் பிணைப்புகளுள்ள ஒரு மூலக்கூறின் அணுக்களைக் கண்டபடி குலுக்கினால் மூலக்கூறே உடைந்துவிடும். பிணைப்புகளைத் திருகும் நகர்வுகளை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். கற்பதற்கு நல்லது, அன்றாட வேலைக்குப் பொறுமை போதாது.

கிரெஸ்ட் வேறு விதமாகத் தேடுகிறது. மூலக்கூறு ஒரு பள்ளத்தில் நின்றால், அந்த இடத்தில் ஒரு கடகம் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிடுகிறது. அங்கேயே திரும்பத் திரும்ப நின்றால் மேலும் கொட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் பள்ளம் தூர்ந்து, மூலக்கூறு வரம்பைத் தாண்டி அடுத்த பள்ளத்துக்குள் இறங்கியாக வேண்டும். இதற்கு மெற்றாடைனமிக்ஸ் என்று பெயர். இப்படிக் கிடைத்த வடிவங்களின் பகுதிகளை ஒன்றோடொன்று கலந்து புதியவற்றையும் உருவாக்குகிறது. நான் மிகவும் மதிக்கும் இயல்பு இதற்குப் பிறகுதான் வருகிறது: தேடலின் நடுவே முன்னையதை விடச் சக்தி தாழ்ந்த ஒரு வடிவம் அகப்பட்டால், அதையே தொடக்கமாக வைத்து முழுத் தேடலையும் புதிதாக ஆரம்பிக்கிறது. பிழையான இடத்தில் தொடங்கினோமோ என்ற கவலை இதனால் பெரிதும் குறைகிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஓடவிட்ட கப்சைசின் காலையில் முடிந்திருந்தது. சிறந்த வடிவத்தின் கோப்பைத் திறந்தால் முதல் வரியில் 49, இரண்டாம் வரியில் ஹாட்ரீ என்ற அலகில் சக்தியின் மறைப் பெறுமானம், அதன் கீழே அணுக்களின் ஆள்கூறுகள். படமாக்கிப் பார்த்தபோது, மூலக்கூறின் நீண்ட காபன் வால் மடிந்து அதன் மறுமுனையிலுள்ள வளையத்தின் மேல் ஒட்டிக்கிடந்தது. அந்தப் படத்தை அப்படியே வகுப்பில் காட்டியது என் தவறு. கரைப்பானைக் குறிப்பிடாவிட்டால் இந்த மென்பொருள் மூலக்கூறை வெற்றிடத்தில் தனித்து நிற்பதாகவே கருதும். சுற்றிலும் எதுவும் இல்லாதபோது நெடுஞ்சங்கிலிகள் தம்மீதே மடிவது இயல்பு. கிளையற்ற அல்கேன்கள்கூட 17, 18 காபன் அளவில் நேராக நிற்பதை விட்டு ஊசிக்கொண்டை போல மடிவதையே விரும்புகின்றன. நீரைக் கரைப்பானாகக் கொடுத்து மறுநாள் மீண்டும் ஓடவிட்டேன். பட்டியலின் ஒழுங்கே மாறியது.

இன்னொரு குறை இதைவிட முக்கியமானது. கிரெஸ்ட் சக்தியைக் கணிப்பது 2019 இல் அதே குழு வெளியிட்ட ஜிஎஃப்என்2 என்ற அரை அனுபவ முறையால்; அதாவது, முழுக் கணிப்பைச் சுருக்கி, பொருத்தியெடுத்த எண்களால் ஈடுசெய்யும் முறையால். விரைவானது, ஆனால் வடிவங்களுக்கிடையே மூலுக்கு 1 கிலோகலோரி அளவிலான பிழை அதற்குச் சாதாரணம். அறை வெப்பநிலையில் 1.4 கிலோகலோரி வித்தியாசமே ஒரு வடிவத்தின் பங்கைப் பத்தில் ஒன்றாக்கப் போதும். ஆகவே, தாழ்ந்த வடிவத்திலிருந்து 6 கிலோகலோரிக்குள் இருப்பவற்றையெல்லாம் அது வைத்துக்கொள்வது வீணல்ல. முதலிடம் பெற்றதை நம்பாமல், முதல் பத்துப் பன்னிரண்டை ஓர்கா போன்ற மென்பொருளில் மேலான முறையால் மறுபடி கணித்த பிறகே ஒழுங்குபடுத்த வேண்டும். விளக்கக் கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதையும் மாணவரை உட்கார்த்துமுன் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அவசரமென்றால் ஆர்டிகிற் என்ற வேதியியல் மென்பொருள் நூலகம் போதும். ரினிக்கரும் லண்ட்ரமும் 2015 இல் கொடுத்த அதன் முறை, பளிங்குக் கட்டமைப்புகளில் கண்ட திருகற்கோணங்களைப் பின்பற்றி, சில நொடிகளில் நூற்றுக்கணக்கான வடிவங்களைத் தருகிறது. நானும் தொடக்க வடிவத்தை அதில்தான் எடுக்கிறேன்.

மின்சாரம் இடையில் போய் ஒரு முழு இரவின் கணிப்பை இழந்த பிறகு, யூபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிரக்டின், 95 அணுக்களோடு, மூன்றாவது இரவாக ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று மாலை தாழ்ந்த வடிவம் ஒன்று அகப்பட்டு, தேடல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது.