10 மீட்டர் லாங் லைன்: இரண்டு நாட்டு நாய்களோடு ஒரு கோடை முழுக்க இழுத்துப் பார்த்த பிறகு

சிப்பிப்பாறையோ கன்னியோ ராஜபாளையமோ வளர்ப்பவர்கள், கோடை விடுமுறைக்கு அதையும் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றலாம் என்று நினைத்தால் முதலில் வாங்க வேண்டியது ஒரு 10 மீட்டர் லாங் லைன், அதாவது நாயை மாட்டிக் கையில் பிடித்துக்கொள்ளும் நீளமான பட்டை. மடக்குத் தட்டு, பயணப் படுக்கை, மூக்கு வைத்த தண்ணீர் பாட்டில் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த வருஷம் ஏப்ரல் ஆரம்பத்திலிருந்து ஜூன் நடுவரை நானும் தங்கச்சியும் எங்கள் செவலையையும் மணியையும் காரில் ஏற்றிக்கொண்டு காங்கேயம் பக்கம், கோத்தகிரி, தரங்கம்பாடி என்று சுற்றினோம். போன இடத்திலெல்லாம் அவை நாயாக ஓடியாட முடிந்ததற்கு இந்த ஒரு பட்டைதான் காரணம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பார்க்க ரொம்பச் சாதாரணமான பொருள். பாலியஸ்டர் நாடாவின் மேல் பிவிசி அல்லது டிபியு என்ற பிளாஸ்டிக் பூசிய பட்டை, ஒரு முனையில் கொக்கி, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒஹையோவில் தயாராகும் பயோதேன் என்ற பட்டைதான் இதில் பெயர் பெற்றது, அதே மாதிரிப் பட்டையை வெட்டிக் கொக்கி போட்டு விற்பவர்கள் இப்போது நம்மூரிலும் இருக்கிறார்கள். நான் வாங்கியது 13 மில்லிமீட்டர் அகலம், ஆரஞ்சு நிறம், 2,400 ரூபாய். விற்றவர் பெயர் இங்கே தேவையில்லை, எந்தக் கடையில் வாங்கினாலும் என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

செவலை சிப்பிப்பாறைக்காரி. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறைச் சுற்றுவட்டாரத்தில் முயல் விரட்டவே வளர்த்தெடுத்த இனம். மூக்கால் தேடுவதைவிடக் கண்ணால் பார்த்துத் துரத்துகிற ஜாதி. கண்ணில் ஒன்று அசைந்துவிட்டால் நாம் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. எவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தாலும் சரி, அந்த நேரத்தில் "வா" என்றால் வராது, அது அதன் குற்றமும் இல்லை. நாம் போகிற கிராமப்புறத்தில் அசைவது எல்லாம் என்னவென்று பார்த்தால் முயல், மயில், இல்லையென்றால் யாராவது ஒருவருடைய ஆடு. முயலும் மயிலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. ஆட்டைக் கடித்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அதற்காகக் கோடை முழுக்க ஒன்றரை மீட்டர் லீஷில் காலடியிலேயே நடக்க வைத்தால் அது ஓட்டத்துக்குப் பிறந்த நாய்க்குச் செய்கிற அநியாயம். 10 மீட்டர் இருந்தால் நம்மைச் சுற்றி 20 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டம் அதற்குக் கிடைக்கிறது. முகர, தோண்ட, வளைந்து வளைந்து ஓட, படுத்துப் புரள அது போதும்.

இதைக் கழுத்துப் பட்டையில் மட்டும் மாட்டவே மாட்டாதீர்கள். பத்து மீட்டரும் தீரும் இடத்தில் முழு வேகத்தில் இழுபட்டால் அந்த மெல்லிய நீளக் கழுத்து என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வேண்டும், கொக்கி முதுகுப் பக்கம் மாட்ட வேண்டும். கடைகளில் கிடைக்கும் ஹார்னஸ் பெரும்பாலும் லாப்ரடார் உடம்பை மனதில் வைத்துத் தைத்தது. ஆழமான நெஞ்சும் ஒட்டிய வயிறுமாக இருக்கும் நம் வேட்டை நாய்கள் நாலு அடி பின்னால் நகர்ந்தாலே அதிலிருந்து தலையை உருவிக்கொண்டு வந்துவிடும். நெஞ்சுக்கு ஒன்று, அதற்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கும் இடத்தில் இன்னொன்று என்று கூடுதலாக ஒரு பட்டை உள்ள ஹார்னஸாகத் தேடி வாங்குங்கள். மணி தெருவில் கண்டெடுத்த நாட்டு நாய், உடம்பு நல்ல கட்டை, அவனுக்குச் சாதாரண ஹார்னஸே போதுமாக இருந்தது.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் போனவர்களுக்குக் கொறங்காடு தெரிந்திருக்கும். கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமுமாக மேய்ச்சலுக்கென்றே விட்டிருக்கும் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே போக ஒரு படல். நாய் ஓட்ட இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரியாது. ஆனால் எல்லாமே யாரோ ஒருவருடைய சொந்த நிலம், கேட்காமல் உள்ளே போகக் கூடாது. நாங்கள் கேட்ட பெரியவர் செவலையின் காலைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். "இது ஆட்டைத் தொரத்துச்சுன்னா என்னங்க பண்றது?" பட்டையை எடுத்துக் காட்டி, கொக்கியை ஹார்னஸில் மாட்டி, இழுத்தும் காட்டினோம். "அப்பச் சரிங்க, ஆடு வர்றதுக்குள்ள ஓட்டிக்கங்க" என்றார். அடுத்த நாளிலிருந்து விடியும் முன்பே அவரே வந்து படலைத் திறந்து வைத்துவிட்டு, வேலியோரம் உட்கார்ந்து செவலை ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டையின் அருமை அங்கேதான் நன்றாகத் தெரிந்தது. பருத்திக் கயிறோ நைலான் நாடாவோ என்றால் வெள்வேல முள்ளும் நெருஞ்சியும் ஏறி, சுருட்டும்போது கையைக் கிழித்துவிடும். இதில் எதுவும் ஒட்டவில்லை. புல்லுக்குள் பாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது, மரத்தைச் சுற்றினாலும் ஒரு முனையை விட்டால் தானே உருவிக்கொண்டு வந்துவிடுகிறது. வாங்கும்போது கைப்பிடி வளையம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். தரையில் இழுபடும் முனையில் வளையம் இருந்தால் வேர், கல், முள் எல்லாவற்றிலும் மாட்டும், ஓடுகிற நாய் அங்கேயே வெடுக்கென்று நிற்கும்.

இந்த இடத்தில் வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஓட இடம் கிடைத்துவிட்டால் நாய் தானாக நிறுத்தாது. நாயின் உடல் சூடு இயல்பாகவே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், 41 என்பது உயிருக்கே ஆபத்து. நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். கத்திரி வெயிலில், அதாவது மே 4 முதல் 28 வரை, காலை ஏழரைக்கு மேல் நாங்கள் ஓட்டவே இல்லை. நனைத்துப் போடும் குளிர்ச்சிக் கோட்டு ஒன்றும் வாங்கியிருந்தோம். காங்கேயத்தின் வறண்ட காற்றில் அது நன்றாக வேலை செய்தது, மணியின் கறுப்பு முதுகு தொட்டால் குளிர்ந்திருந்தது. அதே கோட்டு தரங்கம்பாடியில் ஈரத் துணியாகவே கிடந்தது. ஈரம் ஆவியானால்தான் சூடு இறங்கும், கடலோரப் புழுக்கத்தில் எங்கே ஆவியாக? சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர்கள் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

கோத்தகிரியில் கதை வேறு. நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை, அதனால் நாய்களுக்குத் தண்ணீர் ஒரு எவர்சில்வர் தூக்கில்தான் எடுத்துப் போனோம். தங்கிய வீட்டு அம்மா முதல் நாளே சொன்னார், "கண்ணு, ஆறு மணிக்கு மேல நாயை வாசல்ல விட்றாதீங்க, சிறுத்தை வந்து தூக்கிட்டுப் போயிடும்." மலையில் இதை யாரும் பயமுறுத்தச் சொல்வதில்லை, சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. ராத்திரி இரண்டும் அறைக்குள்தான் படுத்தன, காலைக்கடன் கழிக்கக்கூட நன்றாக வெளுத்த பிறகுதான் வெளியே.

தேயிலைத் தோட்டத்துப் பாதையில் பத்து மீட்டரையும் விடாதீர்கள். செடி இடுப்பளவு இருக்கும், வளைவுக்கு அந்தப் பக்கம் காட்டெருமை நிற்பது தெரியாது. நாங்கள் இரண்டு மீட்டர் மட்டும் கையில் விட்டு மீதியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் நடந்தோம். ஒரு காலையில் நிஜமாகவே ஒன்று நின்றது. மணி குரைக்க ஆரம்பிப்பதற்குள் இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வந்த வழியே மெதுவாகத் திரும்பிவிட்டோம். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு பெருமூச்சு விட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். முதுமலை, ஆனைமலை போன்ற புலிகள் காப்பகங்கள் பக்கம் நாயைக் கொண்டுபோகும் ஆசையே வேண்டாம், லைனில் கட்டித்தான் கொண்டுபோகிறோம் என்ற சமாதானமும் வேண்டாம். நம் நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் காட்டு விலங்குகளுக்குத் தொற்றும். கோடை மழையில் பட்டை முழுக்கச் செம்மண்ணாகிவிடும், குழாயடியில் காட்டித் துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். ஈரம் உறிஞ்சாது, அதனால் நாற்றமும் பிடிக்காது. காருக்குள் இரண்டு நனைந்த நாய்களோடு வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

குறை என்றால் கொக்கிதான். பட்டையோடு வந்தது மேலே பளபளவென்று முலாம் பூசிய மலிவான கொக்கி. தரங்கம்பாடிக் கடற்கரையில் உப்பும் மணலும் பட்டதும் ஸ்பிரிங் இறுகிவிட்டது, அதைவிட மோசம், சில நேரம் முழுக்க மூடாமலே நின்றது. செவலை மாதிரி ஒரு நாய்க்கு அது உயிர்ப் பிரச்சினை. விற்றவரிடம் கேட்டதற்கு "கடலுக்குக் கொண்டு போனா அப்படித்தான்" என்று பதில் வந்தது. இந்த விலைக்கு அதை ஏற்றுக்கொள்ள முடியாது. நாகப்பட்டினத்தில் படகுச் சாமான் விற்கும் கடையில் கடல் உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி வாங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மாற்றித் தைத்துக்கொண்டோம். அவர் போட்ட தையல் பழைய ரிவெட்டைவிட உறுதி. நீங்கள் வாங்கும்போதே பித்தளை அல்லது 316 ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள். திருகாணி போட்ட இணைப்பு என்றால் ஒவ்வொரு நாளும் முறுக்கிப் பாருங்கள், தளரும்.

கடற்கரையிலும் நாயை அவிழ்த்து விடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் என்ற கடலாமைகள் நம் கரைகளில் முட்டையிடும், குஞ்சுகள் வெளிவர 45 முதல் 60 நாள் ஆகும், அப்படியென்றால் மே மாதத்திலும் மணலுக்கடியில் கூடுகள் இருக்கும். மணிக்கு மணலைக் கண்டால் தோண்ட வேண்டும். வனத்துறை வேலியிட்டுப் பொரிக்க வைத்திருக்கும் இடங்கள் கண்ணுக்குத் தெரியும், அவர்கள் கண்ணில் படாத கூடு எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் அலை வந்து போகும் ஈர மணலோடு நிறுத்திக்கொண்டோம். பத்து மீட்டரில் அலைக்குள் போய் வரலாம், உப்புத் தண்ணீரைக் குடிக்கப் போனால் இழுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் அது பரம சந்தோஷம்.

இன்னும் சில விஷயங்கள். நனைந்தால் பட்டை கையில் வழுக்கும், வேகமாக உருவும்போது உள்ளங்கை எரியும், தோட்ட வேலைக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கையில் சுற்றிக்கொண்டு மட்டும் நிற்காதீர்கள், விரல் ஒடியும். இரண்டு நாய்களையும் ஒரே நேரத்தில் நீள விட்டால் நம் காலையும் சேர்த்துப் பின்னிவிடும், ஒன்று ஓடும்போது மற்றது குட்டை லீஷில் நிற்கட்டும். மரத்திலோ காரிலோ கட்டிவிட்டுப் போவதற்கான பொருளும் இல்லை இது. தெருவிலும் மார்க்கெட்டிலும் இதனால் துளிப் பிரயோஜனமில்லை, அங்கே பழைய குட்டை லீஷ்தான். 15 மீட்டரும் கிடைக்கிறது, வேண்டாம் என்பேன், ஓடி வேகம் பிடித்த சிப்பிப்பாறையை அந்தத் தூரத்தில் நிறுத்தினால் நாம்தான் கீழே விழுவோம். 20 கிலோவுக்குள் இருக்கும் நாய்க்கு 13 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் எடையுள்ள ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் 19 மில்லிமீட்டரில் வாங்குங்கள், கையில் பிடிமானமும் கூடுதலாக இருக்கும்.