சேற்றுக்குச் செய்த சைக்கிள், உப்புக்காற்றில் மூன்று வருஷம்

வடசென்னையில் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வீடு. பாரிமுனையில் ஒரு சரக்கு கிளியரிங் ஆபீசில் வேலை. ஒரு வழிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம். 2022 மார்ச்சில் வாங்கிய பழைய சைக்ளோகிராஸ் சைக்கிள் ஒன்றை இந்தப் பாதைக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, 14,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன். வேகத்துக்காகச் செலவழித்த காசு எதுவும் நிற்கவில்லை. துருப் பிடிக்காமல் இருக்கவும், லாரி டிரைவர் கண்ணில் படவும் செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் நின்றது. இதை எனக்கு யாராவது முதல் வாரமே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்; அதனால்தான் எழுதுகிறேன்.

சைக்ளோகிராஸ் என்பது பெல்ஜியம், நெதர்லாந்து பக்கம் குளிர்காலத்தில் நடக்கும் பந்தயம். சேறு, புல், மணல், படிக்கட்டு எல்லாம் கலந்த சின்னச் சுற்றுப்பாதை. ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில் பார்தான், ஆனால் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சேறு அடைக்காதபடி தாராளமாக இடம் இருக்கும். சர்வதேசப் போட்டியில் டயர் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பெரும்பாலான வண்டிகளில் கேபிள்கள் மேல் குழாயை ஒட்டியே போகும், சேறு படாமல் இருக்க. என் பாதையில் வரும் எண்ணூர் நெடுஞ்சாலையை மழைக்காலத்தில் பார்த்தவர்களுக்கு இந்த வண்டி ஏன் என் கண்ணில் பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

பெங்களூரில் ஒருவரிடம் 38,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அலுமினிய ஃபிரேம், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், பின்னால் 9 கியர். காலடிப்பேட்டையில் நாற்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் அண்ணாவிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னா தம்பி இது, பெல்லு இல்ல, ஸ்டாண்டு இல்ல, மட்கார்டு இல்ல, கேரியர் இல்ல. இத்த வெச்சினு டெய்லி எப்டி போவ?" என்றார். அவர் சொன்ன நான்கும்தான் கடைசியில் செய்ய வேண்டிய வேலைப் பட்டியல் ஆனது.

டயரில் ஆரம்பித்தேன். வண்டியோடு வந்தது முள்முள்ளாகக் கட்டை வைத்த பந்தய டயர். தார் ரோட்டில் ஒரே இரைச்சல், இழுக்கவே இழுக்காது. அதைவிட மோசம், மழை நாளில் வெள்ளைக்கோடு மேலும் சாக்கடை மூடி மேலும் வழுக்குவது. இரண்டு தடவை விழப் பார்த்தேன். மூன்றாம் வாரமே மாற்றிவிட்டேன். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நம்மூர் பழைய பெரிய சைக்கிளுக்குப் போடும் 28 இன்ச் டயர் இதில் ஏறாது. அந்த ரிம்மின் அளவு 635 மில்லிமீட்டர். இந்த வண்டியின் 700 சி ரிம் 622. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், 13 மில்லிமீட்டர் வித்தியாசம். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று தந்து அனுப்பிவிட்டார்கள். அரை நாள் போராடித் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பதில் ஹைப்ரிட் சைக்கிளுக்கு வரும் 700x35 டயர் எதுவும் பொருந்தும். நான் போட்டது ஷ்வால்பே மாரத்தான். அடியில் 3 மில்லிமீட்டர் ரப்பர் பட்டை ஒன்று பங்க்சருக்காகவே வைத்திருக்கிறார்கள். கனமான டயர், விலையும் அதிகம். ஆனால் நம் பாதையில் பங்க்சருக்குக் காரணம் ஆணியோ கண்ணாடியோ இல்லை. கன்டெய்னர் லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள் இருக்கும் மயிரிழை மாதிரி இரும்புக் கம்பி ரோட்டோரம் முழுக்கக் கொட்டிக் கிடக்கும். சாதா டயரில் மாதம் இரண்டு மூன்று பங்க்சர் வரும். மாரத்தான் போட்ட பிறகு மூன்று வருஷத்தில் மொத்தம் ஐந்து. என் எடைக்கும் பைச் சுமைக்கும் சேர்த்து 60 பிஎஸ்ஐ காற்று வைக்கிறேன்.

வால்வைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். இந்த வண்டிகளில் மெல்லிசாக, நுனியில் திருகு வைத்த பிரெஸ்டா வால்வு இருக்கும். எந்தப் பங்க்சர் கடைக் காற்றுக் குழாயும் அதில் உட்காராது. பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டியிருந்தேன். அது தொலைந்த நாளில் தண்டையார்பேட்டையிலிருந்து வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன். மறுநாளே ரிம் துளையை அண்ணா டிரில் போட்டு 8 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே பெரிதாக்கி, ஓரத்தை அரத்தால் தேய்த்து, மோட்டார் பைக் வால்வு இருக்கும் டியூபைப் போட்டார். ரிம் அகலமாக இருந்ததால் செய்தோம். ஒல்லி ரிம்மில் செய்யாதீர்கள். இப்போது எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்று அடிக்கலாம்.

மட்கார்டு முழு நீளம் வாங்குங்கள். பிளாஸ்டிக் பட்டை, ஸ்டெயின்லெஸ் கம்பி. முன் மட்கார்டு நுனியில் அண்ணா பழைய லாரி டியூபை வெட்டி, தரைக்கு நான்கு விரல் உயரம் வரை தொங்கவிட்டு ரிவெட் அடித்துக் கொடுத்தார். செருப்பும் செயினும் நனையாமல் இருப்பதற்கு அந்த ரப்பர்தான் காரணம். ஒரு சங்கடம் உண்டு. பந்தய வண்டிக்கு இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இடைவெளி குறைவு. மட்கார்டு போட்டதும், மெதுவாகத் திரும்பும்போது கால் விரல் முன் மட்கார்டில் இடிக்கும். ஓடுகிற வேகத்தில் பிரச்சினை இல்லை. மிண்ட் பக்கம் மாட்டு வண்டி வேகத்தில் நெரிசலில் வளையும்போதுதான் வரும். பாதத்தைக் கொஞ்சம் பின்னால் வைத்து மிதிக்கப் பழகிக்கொண்டேன்.

கேரியருக்கு ஃபிரேமில் துளையே இல்லை. மேலே சீட் குழாயில் ரப்பர் வைத்த கிளிப், கீழே மட்கார்டு துளையில் நீளமான போல்ட். டிபன் கேரியர், மாற்றுச் சட்டை, மழைக்கோட்டு எல்லாம் சேர்த்து 7 கிலோ வரை தினமும் போகிறது, அசையவில்லை. 10 கிலோ சொச்சம் இருந்த வண்டி இப்போது 13 கிலோ. அது ஒரு நாளும் எனக்கு உறைத்ததில்லை.

பெரிய தப்பு ஹேண்டில் பாரில் செய்தேன். தினசரி வண்டி என்றால் நேர்க்கம்பிதான் என்று மனதில் ஒன்று இருந்தது. வளைந்ததைக் கழற்றி நேர்க்கம்பி போட்டேன். கியர் லீவர் சுலபமாக அமைந்தது. கியர் செய்யும் ஷிமானோ கம்பெனியில் 9 கியர் வரைக்கும் ரோட் வண்டி (ரேஸ் சைக்கிள் வகை), மலை வண்டி இரண்டுக்கும் பின் கியர் கேபிள் இழுக்கும் அளவு ஒன்றுதான். பிரேக் அப்படி இல்லை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் லீவர் கேபிளை அதிகம் இழுக்கும். என்னுடையது மாதிரி ரோட் வண்டி டிஸ்க் பிரேக்குக்குக் கொஞ்சமாக இழுக்கும் லீவர் வேண்டும். தெரியாமல் போட்டுவிட்டேன். லீவர் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று புரிவதற்குள் இரண்டு ஜோடி லீவருக்குக் காசு போயிற்று.

சரியான லீவர் போட்டும் மனசு ஒட்டவில்லை. ஐப்பசி, கார்த்திகை சாயங்காலங்களில் வடக்கே பார்த்து வீடு திரும்பும்போது வாடைக்காற்று நேராக நெஞ்சில் வந்து மோதும். குனிந்து பிடிக்க இடமில்லாமல் ஒன்பது கிலோமீட்டர் என்பது பெரிய பாடு. நேர்க்கம்பி அகலமும் அதிகம். நிற்கும் லாரிக்கும் சென்டர் மீடியனுக்கும் நடுவே இடித்தது. ஐந்து மாதத்தில் பழைய வளைந்த கம்பியையே திரும்ப மாட்டினேன். இரண்டு மாற்றத்தோடு. ஹேண்டில் பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையாக, மேல்நோக்கிச் சாய்ந்ததாகப் போட்டு உயரத்தைக் கூட்டினேன். கம்பியின் மேல் பகுதியில் கேபிளுக்கு இடையே பொருத்தும் துணை பிரேக் லீவர் ஒரு ஜோடி வாங்கினேன். சைக்ளோகிராஸ்காரர்களே ஒரு காலத்தில் விரும்பிப் போட்டது இது. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே பிரேக் பிடிக்கலாம். கேபிள் பிரேக்குக்கு மட்டும்தான் பொருந்தும், ஆயில் பிரேக்குக்கு ஆகாது. 1,400 ரூபாய். இந்த வண்டிக்கு நான் செய்த மிகச் சிறந்த செலவு.

இப்போது உப்பு. இதைத்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

எனக்கு இரண்டு பாதை. உள்ளே டோல்கேட், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, மிண்ட். வெளியே எண்ணூர் நெடுஞ்சாலை, காசிமேடு, கல்மண்டபம், ராஜாஜி சாலை. வெளிப்பாதையில் கடல் கைக்கெட்டும் தூரம். மார்கழி வரை அலை பாறையில் மோதித் தெறிக்கும் துளி முகத்தில் படும். நாக்கில் உப்புக் கரிக்கும். அந்தத் துளி வண்டியிலும் விழுகிறது. முதல் வருஷம் நான் சேற்றைக் கழுவினேன், உப்பை மறந்தேன். ஸ்டெம் போல்ட்டுகளின் தலை பழுப்பாகி, அலன் சாவி வழுக்க ஆரம்பித்தது. பிரேக்கில் கட்டையைச் சரிசெய்யும் திருகு இறுகிப்போனது. அலுமினியத்தில் இரும்புத் திருகு உப்பீரத்தோடு சேர்ந்தால் இரண்டும் அரித்துக்கொண்டு ஒட்டிவிடும். சீட் கம்பியும் குழாய்க்குள் அப்படித்தான் பிடித்துக்கொண்டது. அண்ணா மூன்று நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். பிறகு சீட்டைக் கழற்றி, கம்பியின் தலையை வைஸில் கவ்வவைத்து, ஃபிரேமையே இரண்டு பேர் பிடித்துத் திருப்பினோம். கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது, எனக்கு வயிறு கலங்கியது. கம்பி வீண். ஃபிரேம் தப்பித்தது.

அதற்குப் பிறகு வெளியே தெரியும் போல்ட் எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றினேன், ஒவ்வொன்றையும் கிரீஸ் தடவி. மொத்தம் 600 ரூபாய்கூட ஆகவில்லை. சீட் கம்பியை மாதம் ஒரு முறை உருவி, துடைத்து, கிரீஸ் போட்டு ஏற்றுகிறேன். கடலோரம் போன நாளில் வீட்டுக்கு வந்ததும் ஒரு மக் நல்ல தண்ணீர், பழைய பனியன் துணி, ஐந்து நிமிஷம். பிரஷர் பம்பில் அடிப்பதில்லை. பால்ரஸ் இருக்கும் இடத்துக்குள் தண்ணீர் புகுந்துவிடும்.

செயினுக்குக் கெட்டியான எண்ணெய் ஆகாது. துறைமுகச் சாலைத் தூசியும் கரித்தூளும் எண்ணெயில் ஒட்டி, அரைத்த மை மாதிரி ஆகி, பல்சக்கரத்தைத் தின்றுவிடும். மெழுகு வகை மசகு (லூப்) போட்டு, மேலே துடைத்துவிடுகிறேன். தேய்மானம் பார்க்கத் தனிக் கருவி வேண்டாம், ஸ்கூல் ஸ்கேல் போதும். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்றிவிடுவேன். எனக்கு 2,500 கிலோமீட்டருக்கு ஒரு செயின் ஆகிறது.

லாரி விஷயம். 40 அடி கன்டெய்னர் டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது, பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன வழியில் போகாது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். டிரைவருக்கு இடது பக்கம் பாதிக்கு மேல் தெரியாது. அதனால் நின்றுகொண்டிருக்கும் டிரெய்லரின் இடப்பக்கமாக நான் நுழைவதே இல்லை, ஆபீசுக்கு எவ்வளவு நேரமானாலும். பின் மட்கார்டில் லாரிக்கு ஒட்டும் சிவப்பு, வெள்ளை ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டியிருக்கிறேன். பெடல் ஓரத்திலும் உண்டு. மேலும் கீழும் ஆடும் வெளிச்சம் சைக்கிள் என்று தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். பகலிலும் பின் விளக்கு எரிகிறது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். நான்காம் தேதி யாரும் எங்கும் போகவில்லை. தண்ணீர் முழுதாக வடியாத ஒரு நாள், அம்மாவுக்கு மாத்திரை வாங்கக் கிளம்பினேன். பாதித் தெரு தொடையளவு தண்ணீர். வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். மேல் குழாய் தோளில் பதிந்து உட்கார்ந்தது. இதற்காகவே செய்த வண்டி என்பது அன்று எனக்குப் புரிந்தது. மேட்டுக்கு வந்ததும் ஏறி மிதித்தேன். சேறும் சருகும் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தும் ஃபிரேமில் அடைக்கவில்லை. அந்த மாதம் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படிந்து மீனவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கம் அரிசி மூட்டை கொண்டுபோய் இறக்கியதும் இந்தக் கேரியரில்தான்.

எல்லாருக்கும் இதைச் சொல்வேனா என்றால், இல்லை. பெடல் அச்சு கொஞ்சம் உயரம் என்பதால் சிக்னலில் சீட்டில் உட்கார்ந்தபடி கால் ஊன்ற முடியாது. குட்டையானவர்களுக்கும் முட்டி வலி உள்ளவர்களுக்கும் கஷ்டம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. மழை கொட்டும் காலைகளில் நானும் அதில்தான் போகிறேன். மாற்றும் வேலைக்கு மட்டும் எனக்கு 21,000 ரூபாய் ஆனது, வீணானதையும் சேர்த்து. அந்தக் காசுக்குப் புதிதாக ஒரு நல்ல ஹைப்ரிட்டே கிடைக்கும். வெறும் உள்பாதையில் போகிறவர்களுக்கு அது போதும்.

பின் டயர் 9,000 கிலோமீட்டரில் மாற்றினேன், முன் டயர் இன்னும் பழையதே. ஐப்பசி பிறப்பதற்குள் பின் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, பால்ரஸ் மாற்ற வேண்டும். அண்ணா ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார்.